ஒன்பதாம் வகுப்பிலேயே கல்லூரிப் பேச்சு எதற்கு?

வாசகர் கேள்வி, 17 மே 2025

பத்தாம் வகுப்பு ரிசல்ட் நேற்று வந்தது. எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் ஒரு யோசனை சொல்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, நான்கு வருடம் கூடவே இருந்து கல்லூரியில் விட்டுவிட்டு வர வேண்டுமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்லூரியைப் பற்றி என்ன தெரியும்? பன்னிரண்டில் முதல் பத்துப் பேரை எடுத்து நல்ல கோச்சிங்கில் சேர்த்து, ஏப்ரலில் ஒரு வழிகாட்டி முகாம் போட்டால் போதாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

18 மே 2025, காலை

போதாது. நீளமாகத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் முதல் பத்துப் பேரை எடுப்பது என்ற இதே யோசனையோடுதான் நாங்களும் 2016-இல் ஆரம்பித்தோம்.

நான் போளூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், மின்வாரியத்தில் இருக்கும் தம்பி ஒருவர், கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் தோழி, நான் என்று நான்கு பேர். சங்கமாகப் பதிவு செய்யவில்லை, நன்கொடை வாங்கவில்லை. சனி, ஞாயிறு மட்டும். இதுவரை இரண்டு செட் பிள்ளைகளோடு நான்கு நான்கு வருடம் நடந்திருக்கிறோம். முதல் செட் 2016-இல் ஒன்பதாவது, 2020-இல் பிளஸ் டூ முடித்தார்கள். இரண்டாவது செட் 2020-இல் ஒன்பதாவது, 2024-இல் முடித்து இப்போது கல்லூரியில் முதல் வருடத்தைத் தாண்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் முகாம் பற்றி. அந்த மாதத்தில் பிள்ளையிடம் வழி சொல்லலாம். ஆனால் அதற்குள் பாதி வழி மூடியிருக்கும். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்தில் எந்த குரூப் எடுத்தான் என்பதிலேயே பல கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன. சான்றிதழில் பெயர் தப்பாக இருந்தால் அதைத் திருத்த ஒரு மாதம் போதாது. மகளை வெளியூர் விடுதியில் விட அப்பா சம்மதிக்க ஒரு மாதம் கண்டிப்பாகப் போதாது. மூன்றாவதற்குத்தான் எங்களுக்கு நான்கு வருடமும் தேவைப்பட்டது.

18 மே 2025, இரவு

கோச்சிங் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கோச்சிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவே எல்லாம் என்று நினைத்துத்தான் முதல் செட்டில் ஏமாந்தோம். பிறகு எழுதுகிறேன்.

21 மே 2025

ஒன்பதாம் வகுப்பில் என்னதான் செய்வீர்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பாடம் நடத்துவது கொஞ்சம்தான்.

முதல் வேலை, ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதன் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர். பள்ளிப் பதிவேட்டில் எப்படி, ஆதாரில் எப்படி, ரேஷன் கார்டில் எப்படி என்று மூன்று வரிசையாக எழுதச் சொல்வோம். முதல் முறை எழுத வைத்தபோது நாங்களே அசந்துபோனோம். மூன்றும் ஒன்றாக இருந்த பிள்ளைகள் பாதிகூட இல்லை. பள்ளியில் தமிழ் இனிஷியல் முன்னால், ஆதாரில் ஆங்கில இனிஷியல் பின்னால். ஒரு பையனுக்கு ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. சேர்த்த அன்று யாருக்கும் தேதி தெரியவில்லை, அதனால் அப்படிப் போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தோன்றும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், போகும்போது என்ன பெயர் போகிறதோ அதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அதற்கு முன்னால் என்றால் தலைமையாசிரியரிடம் பேசிச் சரிசெய்யலாம். அச்சான பிறகு அலைச்சல். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும்போது ஆதாரோடு பெயர் ஒத்துவரவில்லை என்று நின்றுபோனதை நான் வேலை பார்க்கும் கடன் சங்கத்து கவுன்டரிலேயே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். எங்கள் பக்கம் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் மலையாளி இனப் பிள்ளைகள் உண்டு. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. தர வேண்டும். விசாரணை, உறவினர் சான்றிதழ், மறுபடி விசாரணை என்று போகும். முதல் செட்டில் ஒரு பையனுக்குப் பிளஸ் டூ முடித்த பிறகுதான் விண்ணப்பித்தோம். கவுன்சலிங்குக்குள் வரவில்லை. அந்த அலுவலகத்தில் எங்களை ஏழு முறை திரும்பி வரச் சொன்னார்கள். அவன் பொதுப் பிரிவில் கலந்துகொண்டு, கிடைத்த இடத்தில் சேர்ந்தான். அந்த ஒரு விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் போய்விடும். அவன் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. காகிதம் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது செட்டில் ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பித்தோம். ஒருவனுக்குப் பதினொன்றாம் வகுப்பின் பாதியில் வந்தது. அப்படியானால் எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழை ஒன்பதில் வாங்கி வைக்காதீர்கள். அதற்கு ஆயுள் ஒரு வருடம்தான்.

25 மே 2025

குரூப் விஷயம். இப்போது அதற்கான நேரம்தான், உடனே பயன்படும்.

பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் ஊர்களில் நடப்பது இதுதான். 400-க்கு மேல் என்றால் முதல் குரூப். 350 பக்கம் என்றால் சயின்ஸ் குரூப். அதற்குக் கீழே காமர்ஸ். அதற்கும் கீழே வொகேஷனல். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து வரிசையில் நிற்க வைப்பதுதான் நடக்கிறது. கணக்கில் 90 வாங்கி, மற்றதில் குறைந்த பெண்ணைக் கணக்கே இல்லாத குரூப்பில் போட்டதைப் பார்த்தேன். பொறியியலுக்கு 200-க்குக் கட்-ஆஃப் மார்க் போடும்போது கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கு இல்லை என்றால் அந்தப் பக்கம் போகவே முடியாது. அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதில் ஒரு மேசை முன்னால் ஐந்து நிமிடத்தில் அது முடிந்துபோனது.

எதிர்ப் பக்கமும் உண்டு. கணக்கு என்றாலே நடுங்கும் பையனை, மார்க் இருக்கிறது என்பதற்காக முதல் குரூப்பில் தள்ளி, இரண்டு வருடம் அவன் அழுததையும் பார்த்தேன். அவனுக்கு வரலாறு பேசினால் கண் மின்னும். பன்னிரண்டு முடித்து ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம், அதற்கு எந்த குரூப்பும் தடை இல்லை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கே தெரியவில்லை, அப்போது.

அதனால் இரண்டாவது செட்டில் பத்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் போனோம். அப்பா, அம்மா, முடிந்தால் தாத்தா பாட்டி எல்லோரையும் உட்கார வைத்து, இந்த குரூப் எடுத்தால் இங்கெல்லாம் போகலாம், இங்கே போக முடியாது என்று ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து காட்டினோம். ஒரு வீட்டில் அந்தச் சார்ட்டை இன்னும் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தங்கைக்கு வேண்டுமாம்.

ஒன்று சேர்க்க மறந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண்ணுக்கும் அதே விதிதான், அதில் மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்த்தி. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போனாலும் போச்சு. ஆறாவதை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கட்டும் என்று ஆசைப்பட்டு அனுப்பிய அம்மாக்களை எனக்குத் தெரியும்.

26 மே 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உள்ஒதுக்கீடு உண்டு. புதுமைப்பெண்ணிலும் அப்படியே. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. யாராவது நேற்றைய பதிவை மட்டும் படித்துவிட்டுத் தகுதி இல்லை என்று விட்டுவிடக் கூடாது. கட்டணம் கட்டி ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் நான் சொன்னது பொருந்தும்.

2 ஜூன் 2025

முதல் பத்துப் பேர் என்ற கேள்விக்கு இன்றுதான் வருகிறேன். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2016-இல் நாங்கள் இரண்டு பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துப் பன்னிரண்டு பேரை எடுத்தோம். எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள். சொன்னதைச் செய்தார்கள், நேரத்துக்கு வந்தார்கள். 2020-இல் பன்னிரண்டு பேரும் கல்லூரியில் சேர்ந்தார்கள். எங்களுக்கு ஒரே பெருமை. கணக்கு வாத்தியார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "நாம இல்லாம இருந்தா இதுல எத்தன பேரு காலேஜுக்குப் போயிருக்க மாட்டாங்க?"

ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தோம். ஒன்பது பேருக்கு வீட்டிலேயே யாராவது பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆசிரியர்கள் விட்டிருக்க மாட்டார்கள். முதல் மார்க் வாங்கும் பிள்ளையை ஊரே தூக்கிக்கொண்டு போகும். அந்தப் பிள்ளைகளின் வகுப்பிலேயே நடு பெஞ்சில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதே வருடம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கும் பஸ் ஏறினார்கள் என்று பிறகு விசாரித்தோம். அந்தப் பட்டியலை எடுத்தபோது யாரும் பேசவில்லை.

இரண்டாவது செட்டில் மார்க் பார்க்கவில்லை. வருகிறேன் என்று சொன்ன இருபத்து மூன்று பேரையும் எடுத்துக்கொண்டோம். 2020-இல் பள்ளிக்கூடமே மூடிக் கிடந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு 2021 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். அதுவரை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இடைவெளி விட்டு உட்கார வைத்து ஆரம்பித்தோம். நால்வர் நடுவில் நின்றுவிட்டார்கள், அதில் இருவருக்குக் கல்யாணம். எவ்வளவு பேசியும் நிறுத்த முடியாமல் போன இரண்டு கல்யாணங்கள். மீதிப் பத்தொன்பது பேரும் இன்றைக்கு ஏதோ ஒரு கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ இருக்கிறார்கள். அதே கேள்வியை வாத்தியார் மறுபடி கேட்டார். இந்த முறை பதில் வேறு.

9 ஜூன் 2025

பொறியியலுக்குப் பதிவு செய்தவர்களுக்காக. இழையிலிருந்து விலகிப் போகிறேன் என்றாலும் பரவாயில்லை.

கல்லூரி விருப்பப் பட்டியல் நிரப்பும்போது எங்கள் பிள்ளைகள் செய்த தவறு இரண்டு. ஒன்று, நமக்குக் கிடைக்குமா என்று பயந்து பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போட்டது. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலில் இருப்பது கிடைக்கும் என்றால் அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கீழே அதைவிட நல்ல கல்லூரி இருந்தாலும் பார்க்காது. ஆசைப்படுவதை மேலே போடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத்தான் போகும், உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஐந்தே கல்லூரியைப் போட்டுவிட்டு எழுந்தது. அந்த ஐந்தும் கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றில் கையில் ஒன்றும் இருக்காது. ஐம்பது போடுங்கள், நூறு போடுங்கள். பட்டியலுக்குக் காசு கிடையாது.

இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சில நாட்களில் இரவு பதினொரு மணிக்கு போன் போட்டு, "அக்கா, இதை மேல தூக்கலாமா?" என்று ஒரு பெண் கேட்க வேண்டும் என்றால், உங்களை அவளுக்கு நான்கு வருடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

10 ஜூன் 2025

கலை அறிவியல் கல்லூரிக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டவருக்கு: அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம், விண்ணப்பமும் பதிவும் சேர்த்து 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய். பொறியியல் பதிவு 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. தேதி முடிந்திருந்தாலும் விசாரியுங்கள், பல வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.

22 ஜூன் 2025

அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாசகர், இதையே அங்கே அப்வர்டு பவுண்டு என்ற பெயரில் அரசாங்கம் செய்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டு வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

1960-களில் வறுமை ஒழிப்புப் போர் என்று அவர்கள் பெயர் வைத்த காலத்தில், 1965 வாக்கில் தொடங்கியது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், அப்பா அம்மா இருவரும் பட்டம் வாங்காத வீட்டுப் பிள்ளைகள், ஒவ்வொரு மையத்திலும் மூன்றில் இரண்டு பங்காவது இந்த இரண்டு நிலையும் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்பில் சேர்த்து, பள்ளி முடியும் வரை கூட இருப்பார்கள். சனிக்கிழமை வகுப்பு, கோடையில் ஆறு வாரம் கல்லூரி வளாகத்திலேயே தங்கல்.

அதில் என்னை நிறுத்தியது ஒரு ஆய்வு. 1990-களில் விண்ணப்பித்த மாணவர்களைக் குலுக்கிப் போட்டு, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கல்லூரியில் சேர்வதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஆரம்பத்தில் பட்டப் படிப்பு வரை போவேன் என்று நினைக்காத பிள்ளைகளை மட்டும் தனியாக எடுத்தால், அவர்கள் நாலாண்டுக் கல்லூரிக்குப் போனது நன்றாகவே கூடியிருந்தது. ஆய்வின் முறையைப் பற்றி அங்கே சண்டை உண்டு, அதற்குள் நான் போகவில்லை. கணக்கு வாத்தியாரிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாம நாலு வருஷம் செலவு பண்ணிக் கத்துக்கிட்டத எழுதியே வெச்சிருக்காங்களா?" என்றார்.

6 ஜூலை 2025

அந்த ஆறு வாரத் தங்கல் எங்களால் முடியாது. ஆனால் கல்லூரியைக் கண்ணால் காட்டுவது முடியும்.

2023 மே மாதம், இரண்டாவது செட் பிளஸ் ஒன் முடித்திருந்தபோது, அரசுப் பேருந்தில் சென்னைக்குப் போனோம். பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுப் போவதாக இருந்தோம். தோழிதான் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெரியவர் ஒருவர் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னாள். எல்லா வீட்டிலிருந்தும் வரவில்லை, பதினோரு பேர் வந்தார்கள். ஒரு பாட்டி முப்பது பேருக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு வந்தார், தூக்குவாளியோடு.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் நின்றோம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் என்று சொன்னேன். ஒரு அப்பா, நிலம் அளக்கப் போகிற சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவர், "நம்ம வேலையச் சொல்லித் தர்றதுக்கா இம்மாம் பெரிய கட்டடம்?" என்று கேட்டு, அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். மகன் அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

பாட்டிக்குக் கட்டடத்தில் எல்லாம் அக்கறை இல்லை. வேறொரு கல்லூரியில் பெண்கள் விடுதியைச் சுற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நேராகச் சமையலறைக்குப் போனார். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று வார்டனைக் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தீர்ப்பு சொன்னார்: "சோறு கொழையுது. ஆனா பொம்பளப் புள்ளைங்களுக்குப் பயமில்ல."

பொட்டைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நான்கு வீடுகள். நாங்கள் பேசிய எதுவும் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. நான்கு பெண்களில் மூன்று பேர் இன்று விடுதியில் இருக்கிறார்கள். பாட்டியின் பேத்தி வேலூரில். குழைந்த சோறுதான் என்று வாராவாரம் சொல்கிறாள்.

20 ஜூலை 2025

சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்ததும் முதல் செட்டில் செய்த பிழைதான்.

தமிழ்வழியில் படித்தவன் பொறியியலில் முதல் செமஸ்டரில் உட்காருகிறான். எல்லாமே ஆங்கிலம். சிவில், மெக்கானிக்கல் இரண்டும் 2010-இலிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியிலும் உண்டு, ஆனால் எங்கள் பிள்ளைகள் போன இடங்களில் இல்லை. மேட்ரிக்ஸ் கணக்கு அவனுக்குத் தெரியும். அணிகள் என்று படித்திருக்கிறான். மேட்ரிசஸ் என்று சொல்லும்போது அதுதான் இது என்று பிடிபட மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரத்தில் அவன் தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான்.

2024 செப்டம்பரில் ஒரு பையன் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டான். அரசு எல்லாக் கட்டணத்தையும் கட்டும் 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். வகுப்பில் கேள்வி கேட்டதற்குச் சிரித்தார்கள் என்றான். போதாததற்குக் கல்லூரியில் பஸ் கட்டணம் கட்டச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்திருந்தார்கள். சீட்டுக்கு வழி இருந்தது. அரசாணையை அச்செடுத்துக்கொண்டு மின்வாரியத் தம்பி போய்ப் பேசினான், விட்டுவிட்டார்கள். சிரிப்புக்கு என்ன செய்வது? முதல் செட்டில் இதே மாதிரி முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்து, பிறகு எல்லாவற்றையும் எழுதி முடித்து வேலையில் இருக்கும் பெண்ணுக்கு போன் போட்டோம். அவள் அவனிடம் ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று இருவரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்பிப் போனான்.

இப்போது பிளஸ் டூ தேர்வு முடிந்த மே மாதத்தில் ஒரே ஒரு வகுப்பு நடத்துகிறோம். தோழிதான் எடுப்பாள். அணிகள், வகையிடல், தொகையிடல், விசை, உந்தம் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எல்லாச் சொற்களுக்கும் ஆங்கிலப் பெயர். கூடவே, வாத்தியாரை நிறுத்தி "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்க ஐந்து வாக்கியங்கள். வாய் விட்டு, எழுந்து நின்று, பத்து முறை.

10 ஆகஸ்ட் 2025

மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகியிருக்கிறது. இந்த வருடத்திலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. 2018-இல் முதல் முறை நடந்தபோது எங்கள் முதல் செட் பத்தாவது எழுதிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் அவர்களும் எழுதினார்கள்.

என் மனது இதில் இரண்டாக நிற்கிறது. மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளை வாட்டியது, கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தத் தேர்வுக்கு முன்னால் பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே பன்னிரண்டுக்குத் தாவுவார்கள். கல்லூரி முதல் வருடத்தின் வேர் பதினொன்றில்தான் இருக்கிறது. இனி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றின் கணக்கும் இயற்பியலும் கூடும் என்று நினைக்கிறேன்.

31 ஆகஸ்ட் 2025

கோச்சிங் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று மே மாதம் சொன்னேன். எழுதக் கை வரவில்லை.

முதல் செட்டில் ஒரு பெண். டாக்டர் ஆக வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொன்னாள். வார இறுதிக் கோச்சிங்குக்கு நாங்கள்தான் பணம் கட்டினோம். மாதிரித் தேர்வுகளில் 720-க்கு 200-ஐத் தாண்டவில்லை. 2019 டிசம்பரில் நீட் விண்ணப்பம் வந்தபோது நான் அவளிடம் பேசினேன். இந்த மார்க்குக்கு அரசு இடம் கிடைக்காது, மனசு உடைந்துபோவாய், பிளஸ் டூவில் கவனம் வை, நர்சிங் போகலாம் என்றேன். அன்றைய நிலவரத்துக்கு அது சரியான பேச்சு. அவள் விண்ணப்பிக்கவில்லை.

2020 அக்டோபர் கடைசியில் மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரில் நடந்த கவுன்சலிங்கில் 200-க்குக் கீழே வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. எழுதவே இல்லை, அதுதான்.

இப்போது அவள் செவிலியர். நல்ல வேலையில் இருக்கிறாள், என்னிடம் பிரியமாகவும் இருக்கிறாள். இதைப் பற்றி ஒரு முறை மட்டும் பேசினோம். "நீங்க நல்லதுக்குத்தானக்கா சொன்னீங்க" என்றாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்னால் சமாதானம் ஆக முடியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நால்வரும் ஒன்று முடிவு செய்தோம். எந்த விண்ணப்பத்தையும் நாங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. கிடைக்கும் வாய்ப்பு இவ்வளவு, செலவு இவ்வளவு, கூடவே இந்த இரண்டுக்கும் விண்ணப்பித்து வை என்று சொல்வோம். கட்டணம் இடித்தால் பங்கு போட்டுக் கட்டுவோம். எழுதுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் கையில்.

7 செப்டம்பர் 2025

இழையைத் தொடங்கியவர் இன்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். பழைய மாணவர்கள் ஆரம்பித்தே விட்டார்களாம், இவரும் சேர்ந்திருக்கிறாராம். மிகவும் சந்தோஷம்.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில். அரசின் திட்டங்களோடு மோதுமா என்றால், மோதாது. 2022-இல் வந்த நான் முதல்வன் திட்டத்துக்குப் பிறகு பள்ளியிலேயே உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் இருக்கிறார். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள், அவரை விட்டுவிட்டு எதையும் செய்யாதீர்கள். பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளுக்கு உயர்வுக்குப் படி முகாம் நடக்கிறது. அங்கே பெயர் மட்டும் போதாது, கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள். கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, வீட்டில் சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஒரு அம்மா, இதை மகன் பஸ் செலவுக்கு என்று தனி டப்பாவில் போட்டு வைக்கிறார்.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை விட்டுவிடாதீர்கள். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 பேர். பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு எழும் வயதில் வருகிற பணம் அது.

எத்தனை பேரை எடுப்பது என்றால், ஒரு ஆளுக்கு ஆறு பிள்ளைக்கு மேல் வேண்டாம். ஆறு பேரின் வீடு, அப்பாவின் வேலை, அக்காவின் கல்யாணத் தேதி எல்லாம் உங்களுக்கு நினைவில் நிற்கும். பத்து ஆனால் நிற்காது.

14 செப்டம்பர் 2025

மூன்றாவது செட் இன்று ஆரம்பித்தது. இருபத்தோரு பேர். கோயில் மண்டபத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவரின் இரண்டாவது மகன் வந்திருந்தான். முதல் செட்டின் செவிலியப் பெண் லீவு போட்டுவிட்டு வந்து, நோட்டில் மூன்று வரிசையும் எழுத வைத்தாள். பெயர் மூன்றிலும் ஒன்றாக இருந்தவர்கள் எட்டுப் பேர். மீதிப் பதின்மூன்று பேர் பெயரையும் தனித்தாளில் எடுத்துக்கொண்டாள். தலைமையாசிரியரை அவளே பார்க்கிறாளாம்.

மலையிலிருந்து இரண்டு பேர். ஒரு பையனுக்குப் பெரியப்பா மகனுக்கு ஏற்கெனவே எஸ்.டி. சான்றிதழ் இருக்கிறது, அது பெரிய துணை. அதன் நகலோடு அவன் அம்மா நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறார். நான் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். ஒன்பதரைக்கு இ-சேவை மையம், அங்கிருந்து ஆர்.டி.ஓ. அலுவலகம்.